தமிழில் எழுத வேண்டிய அரைப்பக்கம்

கெகல்கந்தைச் சந்தி,
நமுனுகுல வீதி.
வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி மாரிசாமி அவர்களுக்கு,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, கெகல்கந்தைப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் அறையில், எனக்குக் கைப்பிடி வைத்த கதிரை ஒன்றை வழங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. சமுகமளித்தவர்கள் பொறுப்பதிகாரி, சார்ஜன்ட் குணதிலக்க, நான் ஆகிய மூவர். விடயம் என்னைப் பற்றியது என்பதால் நான் கருத்துத் தெரிவிக்கவில்லை. அதுவரை பத்தொன்பது நாட்கள் நான் முறைப்பாடு கொடுக்க வருபவர்கள் அமரும் நீள வாங்கில்தான் இருந்தேன். கதிரை பத்து மணிக்கு முன்பாகவே களஞ்சிய அறையிலிருந்து கொண்டுவரப்பட்டுத் துடைக்கப்பட்டது. இடது கைப்பிடி சற்று ஆடுகிறது. வலது கைப்பிடியில் குறை சொல்வதற்கில்லை.

நலம் விசாரிக்காமல் கதிரையில் தொடங்கியதை மன்னிக்கவும். தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். தங்கள் முழங்கால், இந்த மழை தொடங்குவதற்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படி ஆகியிருக்கும் என நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவி விஜயலெட்சுமியும் மகள் கலாராணியும் நலம். கதிரையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. வரும் திங்கட்கிழமை பதுளையில் நடக்கவிருக்கும் தங்கள் மகன் சதீஸ்குமார், என் மகள் கலாராணி ஆகியோரின் பதிவுத் திருமணத்துக்கும் இந்தக் கதிரைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதை ஒழுங்காக விளக்கவே இக்கடிதம்.

மூன்று வாரத்துக்கு முன் பசறையிலிருந்து வந்த பஸ்ஸில் கலாராணி தன் அடையாள அட்டையைத் தொலைத்தாள் என்பது தங்களுக்குத் தெரியும். பதிவாளர் அம்மாவிடம் கேட்டோம். அவர் மிகவும் தன்மையாக, "அட்டை இல்லாட்டிப் பரவாயில்ல, தொலைஞ்சதுன்னு பொலிஸ்ல ஒரு என்ட்ரி போட்டு அந்தக் கொப்பியையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டு வாங்க, போதும்" என்றார். ஆக, தேவைப்பட்டது அரைப்பக்க முறைப்பாடு ஒன்றின் பிரதி. தங்கள் மகன் அடுத்த வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்ப வேண்டும், அடுத்த விடுமுறை இரண்டு வருடம் கழித்துத்தான், என்பதையும் நான் ஒரு கணமும் மறக்கவில்லை. அதனால்தான் அட்டை தொலைந்த மறுநாள் காலை எட்டரைக்கே மகளை அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன்.

நிலையத்தின் அமைப்பைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. முப்பத்தாறு வருடம் அதன் எதிரே உப தபாலகத்தில் இருந்த எனக்கே இப்போதுதான் புரிகிறது. அனுமதிக்கப்பட்ட ஆளணி நாற்பத்தெட்டு. இது கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. பெயர் பதிந்திருப்பவர்கள் முப்பத்தொரு பேர். இவர்களில் ஆறு பேர் பிரமுகர் ஒருவரின் வீட்டைக் காவல் காக்கிறார்கள். பிரமுகர் கொழும்பிலேயே வசிப்பதால் வீடு தனியாக இருக்கிறது என்பது காரணம். மூன்று பேர் தினமும் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். ஜீப் சாரதி, ஜீப் திருத்தத்துக்கு விடப்பட்ட இடத்தில் ஏழு மாதமாக அதன் பற்றரி களவு போகாமல் காவல் இருக்கிறார். பற்றரி அவர் போய்ச் சேருவதற்கு முன்பே களவு போய்விட்டது, அதற்கான முறைப்பாட்டைத் தன் சொந்த நிலையத்தில் வந்து எழுத அவருக்கு வாகனம் இல்லை. பெண்கள் சிறுவர் பணியகம் என்பது ஒரேயொரு பெண் கொன்ஸ்தாபல். அவர் பிரசவ விடுமுறையில் இருப்பதால் பணியகமும் விடுமுறையில் இருக்கிறது. மிச்சமுள்ளவர்களில் இரவு ரோந்து போனவர்கள் உறங்க, ஊர்வலத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் அழைக்கப்பட்டவர்கள் போக, பகலில் காணக் கிடைப்பவர்கள் நான்கு பேர். பிரிவுகளோ எட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று மொழிகளில் பெயர்ப்பலகை உண்டு. குற்றப் பிரிவு, சிறு முறைப்பாடுகள் பிரிவு, சுற்றாடல் பிரிவு, சமூகப் பொலிஸ் பிரிவு ஆகிய நான்குக்கும் பொறுப்பாளர் சார்ஜன்ட் குணதிலக்க. நான்கு மேசைகள், ஒரு மனிதர். சிறு முறைப்பாடு ஒன்று பெரிதென்று தோன்றினால் அதைக் குற்றப் பிரிவுக்கு அனுப்பும்படி அவர் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டு, எழுந்து போய் அடுத்த மேசையில் உட்கார்ந்து, அதைப் பிரித்து வாசித்து, கிடைத்தது என்று பதில் எழுதுவார். ஒருமுறை குற்றப் பிரிவு அந்தக் கடிதத்தைப் போதிய விபரம் இல்லை என்று திருப்பி அனுப்பியதை என் கண்ணால் கண்டேன். சிறு முறைப்பாடுகள் பிரிவு அன்று முழுவதும் வருத்தமாக இருந்தது.

இனி மொழி. தமிழ் பேசுபவரின் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுத வேண்டும், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லாதபோது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலம் எழுதலாம், அம்மொழிபெயர்ப்பாளர் முறைப்பாட்டாளருக்கு உறவினராக இருக்கக் கூடாது என்று சுற்றுநிருபம் ஒன்று நிலையத்தில் இருக்கிறது. இந்த உரிமைக்காகப் பதினொரு வருடம் மனு எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நிலையத்தில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். பெயர் புவாத், வெலிமடைக்காரர், நல்ல பிள்ளை. அவர் பெயர் ஆளணிப் பலகையில் இருக்கிறது, கட்டிலும் நுளம்பு வலையும் விடுதியில் இருக்கின்றன. அவர் மட்டும் பதினாலு மாதமாக எல்ல நகரில், உல்லாசப் பயணிகள் ரயில் பாதையில் நின்று படம் எடுக்கும்போது ரயில் வருகிறது என்று சொல்லும் கடமையில் தற்காலிகமாக இணைக்கப்பட்டிருக்கிறார்.

நாங்கள் போன அன்று வாங்கில் எங்களுக்கு முன்னால் கொழுந்து பறிக்கும் மாரியாயி என்ற பெண் இருந்தார். காலை ஏழு மணியிலிருந்து இருக்கிறாராம். சார்ஜன்ட் என்னைக் கண்டதும் எழுந்தே விட்டார். "போஸ்ட் மாஸ்டர் மாத்தயா, நீங்கள் நம் பக்கம். இந்த அம்மா சொல்வதை மட்டும் ஒரு நிமிடம் எனக்குச் சொல்லுங்கள், பிறகு உங்கள் மகளின் வேலையை முடித்துவிடலாம்" என்று சிங்களத்தில் சொன்னார். ஒரு நிமிடம்தானே என்று உட்கார்ந்தேன்.

"ஐயா, நான் சொல்றத ஒண்ணு விடாம எழுதச் சொல்லுங்க," என்றார் மாரியாயி. "மாட்டுக்குத்தான் வாயில்ல, எனக்கு இருக்கு."

"சொல்லுங்கம்மா, என்ன நடந்துச்சு?"

"எம் மாடு தோட்டத்து வாட்ச்சர் வீட்டுல கட்டிக் கெடக்கு. ஏன்டா கட்டுனேன்னா, பாத்தியில இருந்த முட்டக்கோவாவத் தின்னுருச்சாம். எம் மாடு கோவா தின்னதே கெடையாதுங்க. வாங்கிக் குடுத்தாலும் மொகத்தத் திருப்பிக்கும். அவரு பொண்டாட்டி காலைல பெரட்டுக்கு வேலைக்குப் போற ஆள எல்லாம் நிறுத்தி வச்சு, 'கள்ள மாடு, கள்ள மாடு'ங்கறா. மாட்டச் சொன்னா என்னையச் சொன்ன மாதிரிதானுங்களே?"

இது நான் சுருக்கித் தருவது. உண்மையில் மாட்டின் தாய், அதை வாங்கிய வருடம், அந்த வருடத்து மழை எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் ஆயிற்று. சார்ஜன்ட் பேனாவோடு காத்திருந்து, "என்ன சொல்கிறார்?" என்றார். மாடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்கிறார் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?" என்று கேட்டார். மாட்டின் சுபாவத்தைப் பற்றியும் கூறினார் என்றேன். அது எந்தப் பிரிவில் வரும் என்று அவர் யோசித்தார். அதற்குள் மாரியாயி, "இந்த ஐயா பேனா மூடியவே கழட்டாம எழுதுறாரே, இதென்னங்க வித்தை?" என்றார். முறைப்பாட்டாளர் பொலிஸாரின் திறமையைக் கண்டு வியக்கிறார் என்று மொழிபெயர்த்தேன். பொய்யில்லை.

அது முடிந்தபோது வாங்கில் ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். போஸ்ட் மாஸ்டர் ஐயா எழுதிக் குடுக்கிறாராம் என்ற செய்தி தோட்டத்தில் லயத்துக்கு லயம் போய்விட்டது. மத்தியானம் பதினேழு பேர். கலாராணி நாலு மணி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சார்ஜன்ட் என்னிடம் மிகுந்த கவலையோடு சுற்றுநிருபத்தைக் காட்டினார். ஊரில் யாருடைய முறைப்பாட்டையும் என் மூலம் எழுதலாம். கலாராணியினுடையதை மட்டும் எழுத முடியாது; நான் தகப்பன். கலாராணி, "அப்பா, நான் சிங்களத்துலயே சொல்றேன். ரெண்டு நிமிஷம். அட்ட தொலஞ்சிருச்சுன்னு சொல்ல எனக்கு மொழிபெயர்ப்பு வேணுமா?" என்றாள். அவள் சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவாள் என்பது உண்மைதான். ஆனால் சம்பந்தி, பதினொரு வருடம் மனு எழுதிவிட்டு, முதல் ஆளாக என் மகளே சிங்களத்தில் முறைப்பாடு கொடுத்தால், அந்த வாங்கில் இருக்கும் பதினேழு பேருக்கும் நான் என்ன முகத்தைக் காட்டுவேன்? தமிழில்தான் எழுத வேண்டும், அதுவும் நம் நிலையத்தில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "அப்ப யாரு எழுதுவா?" என்றாள். புவாத் வருவார் என்றேன்.

புவாத்தைத் திருப்பி அனுப்பும்படி மேலிடத்துக்குக் கடிதம் எழுதும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். அதற்குள் என் வேலை சற்று விரிந்திருந்தது. காலையில் நானே வாங்கில் இருப்போருக்கு இலக்கம் கொடுப்பேன். எட்டுப் பலகைகளில் மூன்றில் தமிழ் பிழையாக இருந்தது, திருத்தினேன். மேலிடத்துக்குப் போகும் மாதாந்தப் படிவங்களை, என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்று, பொறுப்பதிகாரி என்னிடமே தரத் தொடங்கினார். அப்படி வந்த படிவம் ஒன்றில், பதினான்காவது கேள்வியாக, நிலையத்தில் பொதுமக்களுக்குத் தமிழில் சேவை வழங்கப்படுகிறதா என்று இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். வாங்கு நிறையத் தமிழ் ஆட்கள். எல்லாருக்கும் சேவை நடந்துகொண்டிருக்கிறது. அரச படிவத்தில் உள்ளதை இல்லையென்று எழுதி எனக்குப் பழக்கமில்லை. 'ஆம்' என்று எழுதினேன். 'திருப்திகரமாக' என்றும் சேர்த்தேன்.

சென்ற வாரம், பதில் வராததால், விடுமுறை எடுத்துக்கொண்டு எல்லவுக்குப் போனேன். விடுமுறை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் சார்ஜன்ட்டிடம் கேட்டேன்; அவர் சமூகப் பொலிஸ் மேசைக்குப் போய் உட்கார்ந்து அனுமதித்தார். புவாத் தண்டவாளத்தின் ஓரத்தில் விசிலோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"சேர், நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். இந்தா பாருங்க, முந்தாநாள் வந்த பதில். கெகல்கந்தைல தமிழ் சேவை திருப்தியா நடக்குதாம். அதனால நான் அங்க தேவையில்லையாம். இனி இங்கேயே நிரந்தரமாம்."

கடிதத்தோடு ஆதாரமாக ஒரு படிவத்தின் பிரதி இணைக்கப்பட்டிருந்தது. கையெழுத்து மிகத் தெளிவாக இருந்தது.

"யாரு சேர் இப்பிடி எழுதினது? வாப்பாவாணை, அந்த மனுசன நான் ஒருக்காச் சந்திக்கணும்," என்றார் புவாத்.

நிர்வாகத்தில் இப்படி நடப்பதுண்டு என்றேன்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "இதுக்கா சேர் இவ்வளவு தூரம்? தங்கச்சிய இங்க கூட்டி வாங்க. எந்த ஸ்டேஷன்லயும் போடலாந்தானே. நானே தமிழ்ல எழுதித் தாறேன். பத்து நிமிசம் போகாது." பிள்ளை நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள். கெகல்கந்தையில் தமிழ்ச் சேவை திருப்திகரம் என்று எழுதிக் கொடுத்தவனே தன் மகளின் முறைப்பாட்டை எல்லவில் கொண்டுபோய் எழுதினால், அந்தப் படிவம் பொய்யாகிவிடும். இந்த விளக்கத்தை நான் புவாத்திடம் சொல்லவில்லை. கலாராணிக்கு உங்களை முன்பே தெரியும், அவளே போனில் பேசுவாள் என்று மட்டும் சொல்லி, என்ன பேசுவாள் என்று நானும் யோசிக்காமல், அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

இந்தப் பின்னணியில்தான் செவ்வாய்க்கிழமைத் தீர்மானத்தைத் தாங்கள் பார்க்க வேண்டும். பொறுப்பதிகாரி அன்று சொன்னதாவது: கதிரை தற்காலிகமானதல்ல. என் பெயரைக் கௌரவ அடிப்படையில் மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். அங்கீகாரம் வந்தால் நான் நிலையத்தின் உத்தியோகபூர்வ மொழி உதவியாளன். அப்போது எனக்கு விடுமுறை உரிமை வரும். நான் விடுமுறையில் இருக்கும் நாட்களுக்குப் பதில் ஆள் அனுப்ப வேண்டிவரும். அந்தப் பதில் ஆள் கலாராணிக்கு உறவினராக இருக்க மாட்டார். அவர் மூலம் அந்த அரைப்பக்கத்தை முறைப்படி, தமிழில், நம் நிலையத்திலேயே எழுதிவிடலாம். இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். பதினெட்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று சார்ஜன்ட் நான்கு பிரிவுகளின் சார்பிலும் உறுதியளித்தார்.

ஆகவே, தங்களிடம் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது, திங்கட்கிழமைப் பதிவை ஒத்திவைத்து, சதீஸ்குமாரின் அடுத்த விடுமுறையில் வைத்துக்கொள்வோம் என்பதே. இரண்டு வருடம் என்று கேட்கும்போது அதிகமாகத் தோன்றலாம். நிரந்தரமாகிவிட்ட புவாத்தின் தற்காலிக இணைப்போடு ஒப்பிட்டால் அவ்வளவு இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பியே சம்மதித்தவர்கள், பொறுத்துக்கொள்வார்கள். இன்னும் கலாராணியிடம் இதைச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் தங்கள் கைக்குக் கிடைத்து, தாங்களும் சம்மதம் தெரிவித்தபின் இருவருமாகச் சொன்னால் நன்றாயிருக்கும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி. பயணப் பெட்டியில் குளிருடுப்பு வைக்க வேண்டியதில்லை, அங்கு வெயில் என்று கேள்விப்பட்டேன். முருகன் அருளால் இரு குடும்பமும் இன்றுபோல் என்றும் ஒற்றுமையாக வாழ வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
வீ. புவனேந்திரன்
(ஓய்வுபெற்ற உப தபாலதிபர்)

பின்குறிப்பு:

மேற்கண்டதை நிலையத்தில் எழுதி, உறையில் இட்டு, பதிவுத் தபால் சீட்டும் ஒட்டி, அனுப்புவதற்கு முன் தங்கள் முகவரியைச் சரிபார்ப்பதற்காக வீட்டுக்கு வந்தேன். வீட்டில் பாயாசம் இருந்தது. கலாராணி சேலை கட்டியிருந்தாள். நமக்குப் பேசிய நாள் திங்கள்தானே என்று கேட்டேன். திங்கட்கிழமைக்குள் அப்பா இன்னொரு சுற்றுநிருபத்தோடு வந்து நிற்பார் என்று பயந்து, பதிவாளர் அம்மாவிடம் சொல்லி இன்றைக்கு மாற்றிக்கொண்டார்களாம். நேற்று எல்லவுக்குப் போய் முறைப்பாடு எழுதியிருக்கிறாள். எட்டு நிமிடம் ஆனதாம். தமிழில்தான் இருக்கிறது, ஒரு பிழையும் இல்லை, வாசித்துப் பார்த்தேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று விஜயலெட்சுமியிடம் கேட்டேன். "மூணு தரம் சொன்னோமுங்க. நேத்து ராத்திரி, இன்னிக்கு விடியக்காலை, அப்புறம் ஸ்டேஷனுக்கே வந்து. 'வரிசையில இருங்க, இலக்கம் தாறேன்'னீங்க. பதினொண்ணாம் நம்பர் குடுத்தீங்க," என்றாள். இலக்கத் துண்டையும் காட்டினாள். என் கையெழுத்துத்தான்.

பதுளையில் இன்று காலை பத்து நாற்பதுக்குப் பதிவு முடிந்திருக்கிறது. அந்த நேரத்தில் நான், வாட்ச்சரும் மாரியாயியும் நேருக்கு நேர் நிற்க, மாட்டுக்கு நெற்றியில் வெள்ளை இருக்கிறதா இல்லையா என்பதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பதிவுச் சீட்டு ஒட்டிய உறையை அனுப்பாமல் விடுவது முறையல்ல. எனவே உறையைப் பிரித்து இதையும் வைத்து அனுப்புகிறேன். தங்களுக்கு இதில் புதிய செய்தி எதுவும் இல்லை என்று அறிகிறேன். மாப்பிள்ளை பக்கச் சாட்சியாகத் தாங்கள் கையொப்பமிட்டிருக்கிறீர்கள். பெண் பக்கச் சாட்சி கொன்ஸ்தாபல் புவாத். இன்று அவருக்கு விடுமுறை நாள். விபரங்களைத் தமிழில் நிரப்பிக் கொடுத்தவரும் அவர்தானாம். சான்றிதழின் பிரதி மேசையில் இருக்கிறது. மணமகளின் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'பொலிஸ்' என்று எழுதியிருக்கிறது.